ஸ்டார்ட் இல்லாத ஜாய்ஸ்டிக்

மல்லேஸ்வரம், பெங்களூர்
19 அக்டோபர் 1997

அன்புள்ள தர்ஷி,

இல்லை, கேம் செட்டை இன்னும் அலமாரி மேல் ஏற்றவில்லை. டிவிக்குக் கீழேதான் இருக்கிறது. கல்யாணம் முடிந்து நீ கிளம்பிய அன்று எப்படிக் கிடந்ததோ அப்படியே, இரண்டு ஜாய்ஸ்டிக்கும் வயர் சுற்றாமல். அம்மா பெருக்கும்போது தள்ளிவைக்கிறாள். நான் பழைய இடத்துக்கு இழுத்துவைக்கிறேன்.

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் இருமல் மட்டும்; அது வீட்டில் ஐந்தாவது ஆள் மாதிரி இருந்தது, இப்போது நான்காவது. நீ எப்படி இருக்கிறாய்? நெய்வேலித் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? ரகுராமுக்கு எந்த ஷிப்டு?

எம்ஃபில் வகுப்பில் ஒருத்தி, நீ வீட்டில் என்ன கேம் ஆடுகிறாய் என்று கேட்டாள். கோபுரம் என்றேன். அப்படி ஒரு கேமே கிடையாது என்றாள். கேசட் லேபிள் முழுக்க ஜப்பான் எழுத்து, உண்மைப் பெயர் நமக்கு என்றைக்குத் தெரிந்தது? இரண்டு குட்டி ஆட்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுவார்கள், நடுவில் கோவிந்தப்பா வந்து சுத்தியலை எறிவான் என்று விளக்கினேன். "கோவிந்தப்பாவா?" என்றாள். அப்போதுதான் அது நம் வீட்டு ஓனர் பெயர் என்று ஞாபகம் வந்தது.

ஒன்று கவனித்தேன். ஸ்டார்ட்டை அழுத்தாமல் விட்டுவிட்டால் அந்த இரண்டு பேரும் தாங்களாகவே ஏறுகிறார்கள். மூன்றாம் மாடிவரை. மெஷின் நமக்கு ஆடிக்காட்டுகிறது. இத்தனை வருஷம் நான் அதைப் பார்க்க விட்டதில்லை. உடனே அழுத்திவிடுவேன்.

கடிதம் எழுது. ஃபோன் வேண்டாம். ஃபோனில் நீ எல்லோருக்கும் பொதுவாகப் பேசுகிறாய்.

கிருத்திகா


நெய்வேலி
3 நவம்பர் 1997

என் அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன். ஒரு சுற்று பெருத்துவிட்டேன், ஜாக்கெட் பிரிக்க வேண்டும். அப்பாவை வெந்நீர் குடிக்கச் சொல். நீ ஸ்வெட்டர் இல்லாமல் யூனிவர்சிட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே.

இங்கே கரண்டே போகாது அக்கா. ஊரே கரண்டு எடுக்கிற ஊர். குவார்ட்டர்ஸ் வாசலில் முந்திரி மரம். இவருக்கு இந்த வாரம் காலை ஷிப்டு; லீவு கிடைக்காமல்தான் தலைதீபாவளிக்கு அங்கே வரமுடியவில்லை.

இப்போது கேள். இவருடைய தங்கை சரளா, ப்ளஸ் டூ படிக்கிறாளே, அவள் கட்டிலுக்கு அடியில் என் பெட்டியைத் தள்ளப்போனேன். அங்கே என்ன இருந்தது தெரியுமா? அதே செட். கேசட் டப்பாவைத் திறந்தால் அதே ஜப்பான் எழுத்து. 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கேம்' என்று போட்ட ஒன்றும் வைத்திருக்கிறாள். உள்ளே ஆறுதான், திரும்பத் திரும்ப வருகிறது. கோபுரத்தைக் காட்டி, "இதுல நாலாவது மாடியிலயே செத்துடறேன் அண்ணி" என்றாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், பட்டுப்புடவையோடு. அத்தை எட்டிப் பார்த்து, "புதுப்பொண்ணு கீழ உக்காந்து என்னடி பண்ணுது?" என்று அவளைக் கேட்டார்கள்.

அவள் முதல் ஜாய்ஸ்டிக்கை என் பக்கம் நீட்டினாள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். பழக்கம். இதிலும் நடுவில் வழவழவென்றுதான் இருக்கிறது, ஸ்டார்ட் பட்டன் இல்லை.

ஆறாம் மாடிக் கதவில் மாட்டிக்கொண்டோம். இரண்டு கல்லிலும் இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஏறி நிற்க வேண்டுமே, அவளுக்கு அந்தக் கணக்கு வரவில்லை. மூன்று உசிரும் ஹோய்த்து.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். அம்மாவிடம் பெருத்ததைச் சொல்லாதே.

தர்ஷி


மல்லேஸ்வரம்
23 நவம்பர் 1997

அன்புள்ள தர்ஷி,

சுகம். அப்பா வெந்நீர் குடித்துக்கொண்டே இருமுகிறார். உன் அத்தைக்கு என் வணக்கம்.

அதே செட் என்பது அவ்வளவு அதிசயமில்லை. எஸ்.பி. ரோட்டில் அதை மலைபோல் குவித்துவைத்திருக்கிறார்கள். அதே கேசட் என்பதும் அப்படித்தான்.

ஆறாம் மாடியில் கணக்கு ஒன்றும் கிடையாது. நான் 'ம்' என்பேன், நீ ஏறுவாய். அவ்வளவுதான். அவளிடம் அந்த 'ம்' இருக்காது.

சித்தி வந்திருந்தாள். "சின்னவளுக்கு முடிஞ்சிடுச்சு. பெரியவ படிச்சு முடிக்கட்டும்னு எத்தனை நாளைக்கு உக்காந்திருப்பே?" என்று அம்மாவிடம் கேட்டாள். நான் உள்ளறையில்தான் இருந்தேன். கேமின் சவுண்டைக் கூட்டிவைத்தேன். கீழேயிருந்து ஓனர், "ஏனம்மா, சவுண்டு கம்மி மாடு" என்று சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். ஒரே சமயத்தில் இரண்டு கோவிந்தப்பா. உள்ளே ஒருவன், வெளியே ஒருவர். பிறகு கரண்டு போய்விட்டது, இரண்டு பேரும் நின்றார்கள்.

இங்கே கரண்டு போகும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் சமையல் எப்படி? பதில் போடு.

கிருத்திகா


நெய்வேலி
14 டிசம்பர் 1997

அக்கா,

எல்லோரும் நலம். இங்கே மழை விட்டுவிட்டது. சமையல் அத்தையுடையது, நறுக்குவது என்னுடையது. அப்பா எப்படி, அம்மா முழங்கால் எப்படி, ஓனர் எப்படி?

சித்தி சொன்னதை மனதில் வைக்காதே. அவள் எல்லோரையும் கேட்பாள்.

நீ எழுதிய 'ம்' பற்றி சரளாவிடம் சொன்னேன். சிரித்தாள். அவள் 'ம்' சொல்வதில்லை. டிவியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் ஏறப்போகிறேன் என்று அதில் தெரிந்துவிடுகிறதாம். நேற்று கதவு திறந்துவிட்டது அக்கா. இரண்டு பேரும் கத்தியதில் இவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, "வீட்டுல யாருக்காவது குழந்தை பொறந்துடுச்சா?" என்று கேட்டார்.

இன்னொன்று. அத்தை என்னைக் கூப்பிட்டால், 'நிறுத்து' என்று நான் சொல்வதற்கு முன்பே அவள் ஸ்டார்ட்டை அழுத்தி நிறுத்திவிடுகிறாள். முதல் தடவை எனக்கு என்னவென்றே புரியவில்லை. கரண்டு போய்விட்டது என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு வரமுடியாது போலிருக்கிறது. தலைப்பொங்கல் இங்கேதான் என்கிறார்கள். நீ இங்கே வாயேன்.

தர்ஷி


மல்லேஸ்வரம்
18 ஜனவரி 1998

அன்புள்ள தர்ஷி,

பொங்கல் நல்லபடி கழிந்தது. கரும்பு எட்டாவது கிராஸ் மார்க்கெட் கரும்புதான், நார். அம்மா உன் பங்கை என் தட்டில் வைத்துவிட்டாள். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நானும் நிறுத்தியிருக்கிறேன். நீ தண்ணீர் குடிக்கப் போனபோது. வேறு சில சமயங்களிலும்.

போன வாரம் தனியாகவே ஆறாம் மாடிக் கதவைத் திறந்தேன். முதலாவது கையில். இரண்டாவதைத் தரையில் வைத்து, கால் பெருவிரலால் அழுத்தி உன் ஆளைக் கல்லின்மேல் ஏற்றினேன். நாலைந்து தரம் வழுக்கினான். பிறகு நின்றான். யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

கதவுக்கு அப்பால் ஏழாம் மாடி. அங்கே ஒன்றுமில்லை, வெறும் படிகள். நான் ஏற ஏற உன் ஆள் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இழுபட்டு வந்தான். விளக்கை மட்டும் விடவில்லை. ஒரு கட்டத்தில் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவனை அங்கேயே விழவிட்டுவிட்டு ஏறினேன். எட்டாம் மாடியில் என்ன இருக்கிறது என்பதை நீயும் சரளாவும்தான் சொல்ல வேண்டும்.

நெய்வேலிக்கு வர இப்போது முடியாது. தீசிஸ்.

உடம்பைக் கவனி.

கிருத்திகா


நெய்வேலி
8 பிப்ரவரி 1998

அக்கா,

கால் பெருவிரலா! இவரிடம் வாசித்துக்காட்டினேன். "உங்க அக்கா படிக்கறது எம்ஃபில்லா, சர்க்கஸா?" என்று கேட்டார். அத்தைகூடச் சிரித்தார்கள். இங்கே எல்லோரும் நலம், அத்தைக்கு மட்டும் பல்வலி. உங்கள் எல்லோருக்கும் எப்படி இருக்கிறது?

எட்டாம் மாடி தண்ணீர் அக்கா. முழுக்கத் தண்ணீர். விளக்கு நனைந்தால் அணைந்துவிடும், ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்று போக வேண்டும். நானும் அவளும் மாறி மாறி ஏறுகிறோம். இத்தனை நாள் நாம் பார்க்காத இடம். நீ பார்த்தால் பேசாமல் உட்கார்ந்துவிடுவாய்.

சரளா இப்போது 'ஹோய்த்து' என்கிறாள். என்னிடமிருந்து தொற்றிக்கொண்டது. நேற்று ஸ்கூலிலிருந்து வந்து, "கெமிஸ்ட்ரி ஹோய்த்து" என்றாள். அத்தை, "யாருக்கு என்னடி ஆச்சு?" என்று பதறிவிட்டார்கள்.

ஒரு உதவி. இங்கே இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் குதிக்கிற பட்டன் செத்துப்போய்விட்டது. குதிக்காமல் தண்ணீரைக் கடக்க முடியாது. கடலூரில் விசாரித்தோம், தனியாக ஜாய்ஸ்டிக் தரமாட்டார்களாம், செட்டோடு வாங்க வேண்டுமாம். உன்னிடம் இரண்டாவது சும்மாதானே கிடக்கிறது? பார்சலில் அனுப்பிவிடேன். உன் கால்விரலுக்கு ஓய்வு கொடுத்த மாதிரியும் இருக்கும்.

தர்ஷி


மல்லேஸ்வரம்
22 மார்ச் 1998

அன்புள்ள தர்ஷினிக்கு,

தாமதத்துக்குக் காரணம் தீசிஸ். இங்கே யாவரும் நலம். அத்தைக்குக் கிராம்புத் தைலம் வைக்கச் சொல்.

'ஹோய்த்து' கன்னடம். அதற்கு யாரும் சொந்தக்காரர் கிடையாது. பஸ்ஸில் சொல்கிறார்கள், மார்க்கெட்டில் சொல்கிறார்கள், பால் பொங்கி வழிந்தால் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். சரளா சொல்வதில் எனக்கு ஆட்சேபணை என்ன? நான்தான் இப்போது சொல்வதில்லை. 'போச்சு' என்றால் போதுமானதாக இருக்கிறது.

டிபார்ட்மெண்ட் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறது. கட்டங்களுக்கு அடியில் வெடி புதைத்துவைத்திருக்கிறார்கள். எண்களைப் பார்த்து, எங்கே இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். சத்தம் கிடையாது. இரண்டாவது ஆளுக்கு இடமே கிடையாது. இந்தச் சுத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜாய்ஸ்டிக் விஷயம். எலி வயரைக் கடித்துவிட்டது. தீபாவளிக்கு முன்னாலேயே. எழுத மறந்துவிட்டேன். அம்மா அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

எல்லோருக்கும் என் விசாரிப்புகள்.

கிருத்திகா


நெய்வேலி
30 மார்ச் 1998

அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்தில் எலி இல்லை. கால் பெருவிரல்தான் இருந்தது.

தர்ஷினி


மல்லேஸ்வரம்
17 மே 1998

அன்புள்ள தர்ஷி,

நேற்று பெரிய மழை. சம்பிகே ரோட்டில் ஒரு மரம் ஆட்டோ ஸ்டாண்டின் குறுக்கே விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆட்டோக்காரர்கள் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நீ எழுதி ஒன்றரை மாதத்துக்கு மேலாகிறது. உடம்பு சரியில்லையோ என்று அம்மா கேட்கிறாள். இல்லை, நீ அம்மாவுக்கு ஃபோன் செய்கிறாய், அம்மாவுக்குத் தெரியும். நான்தான் கேட்கிறேன். நீ பேசும்போது அம்மா ரிசீவரை என் பக்கம் நீட்டுவதில்லை. நீட்டச் சொல்லி நீ கேட்டாயா, வேண்டாம் என்றாயா, தெரியவில்லை.

தண்ணீர் மாடியைப் பற்றி யோசித்தேன். யார் மேலே நிற்பது முதலில்? விளக்கு ஒருவர் கையில் மட்டும் எரிந்தால் போதுமா? எழுது.

நான் கோபுரம் ஆடுவதில்லை.

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வீடு அமைதியாக இருக்கிறது.

கிருத்திகா


நெய்வேலி
7 ஜூன் 1998

மதிப்பிற்குரிய கிருத்திகா அக்காவுக்கு,

வணக்கம். தங்கள் வீட்டில் பெரியவர்கள் உட்பட அனைவரும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நான் சரளா, தர்ஷினி அண்ணியின் நாத்தனார். கல்யாணப் பந்தியில் நீங்கள் எனக்கு இரண்டாவது ஜாங்கிரி வைத்தீர்கள். ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் எழுதுவது அண்ணிக்குத் தெரியாது. உங்கள் பழைய கவரைப் பார்த்து அட்ரஸ் எழுதினேன்.

அண்ணி ஏப்ரலிலிருந்து கேம் ஆடுவதில்லை. எனக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, லீவு. இரண்டாவது ஜாய்ஸ்டிக்தானே கெட்டுப்போனது, முதலாவதை நீங்கள் வைத்துக்கொண்டு ஆடுங்கள், நான் பார்க்கிறேன் என்று கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "நடுவுல பட்டன் இருந்தா எனக்குக் கை ஓடாதுடி" என்றார்கள். சண்டையா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். உங்கள் கடிதம் வந்த அன்று இரண்டு தடவை படித்தார்கள், அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார்கள், பதில் எழுத உட்கார்ந்தார்கள், எழுதவில்லை.

ஒரு சந்தேகம் அக்கா. சுத்தியல் எறிகிறவன் வரும்போதெல்லாம் அண்ணி ஏதோ ஒரு பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிச் சிரிப்பார்கள். என்ன பெயர் என்று நானும் எவ்வளவோ கேட்டுப்பார்த்துவிட்டேன். ஹோய்த்து சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லவில்லை. "அது அக்கா வெச்ச பேரு. அவளைக் கேக்காம சொல்ல மாட்டேன்" என்கிறார்கள். அதனால் உங்களையே கேட்கிறேன். அவன் பெயர் என்ன?

பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
சரளா


மல்லேஸ்வரம்
14 ஜூன் 1998

அன்புள்ள தர்ஷி,

சரளா எழுதியிருந்தாள். அவளைத் திட்டாதே. கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, வேண்டுமானால் அதற்காகத் திட்டு.

எலியைப் பற்றி நீ எழுதியது சரி.

பார்சலைப் பிரித்ததுமே பார்த்திருப்பாய். நீ கேட்டது இரண்டாவது. நான் அனுப்பியிருப்பது முதலாவது. இரண்டாவது என்னிடம் இருக்கட்டும்.

இதை முதல் ஓட்டையில் சொருகு. நீ பிடித்துக்கொள். சரளா தன்னுடையதை இரண்டாவது ஓட்டையில் சொருகட்டும். ஓடும், குதிக்கும், எல்லாம் செய்யும். ஸ்டார்ட் மட்டும் வேலை செய்யாது. நம் செட்டில் மாற்றிச் சொருகிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உன் கை பழக நாளாகும். பழகட்டும். பட்டனில் 'ஸ்டார்ட்' என்ற எழுத்து பாதி அழிந்திருக்கிறது, அது என் கட்டைவிரல். அத்தை கூப்பிட்டால் இனி நீயே நிறுத்து. உன் முகத்தைப் பார்த்து யாரும் முந்திக்கொள்ள வேண்டாம்.

தண்ணீரைக் கடந்தபின் என்ன இருக்கிறது என்று எழுது. சுருக்கமாக இல்லாமல்.

சரளாவுக்குத் தனியாக எழுத நேரமில்லை. அவள் கேட்டதற்குப் பதில்: சுத்தியல்காரனுக்குப் பெயர் கிடையாது.

அப்பாவுக்கு இருமல் திரும்ப வந்துவிட்டது. மற்றபடி எல்லோரும் நலம். நீ இளைத்தாயா, இன்னும் பெருத்தாயா? அதையும் எழுது.

கிருத்திகா


பார்சலை மல்லேஸ்வரம் தபால் நிலையத்தில் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். செட்டைப் போட்டு, மிச்சமிருந்த ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஸ்டார்ட்டை அழுத்தச் சொல்லித் திரையில் எழுத்து மின்னியது. சற்று நேரம் பொறுத்து அது மறைந்தது. இரண்டு குட்டி ஆட்களும் விளக்கைத் தூக்கிக்கொண்டு தாங்களாகவே ஏற ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாடியில் கோவிந்தப்பா சுத்தியலை எறிந்தான். "ஹோய்த்து" என்றாள். பிறகு டிவியை அணைத்துவிட்டு, காப்பிப்பொடி வாங்கக் கீழே இறங்கிப் போனாள்.